இருட்டு விழுந்த பிறகு: மின்வலை சரியும் நாவலை எழுத வருகிறவர்களுக்கு

துணை மின் நிலையத்தில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கதை படிக்கிற பழக்கமும் உண்டு என்பதால், நாவல் எழுத முனைகிற பிள்ளைகள் சிலர் கையெழுத்துப் பிரதியோடு வருவார்கள். சமீப வருடங்களில் அதிகம் வருவது ஒரே கருதான். யாரோ செய்த நாசவேலையால் மின்சாரம் அற்றுப்போகிறது. பிறகு தண்ணீர், போன், பணம் என்று ஒவ்வொன்றாக நின்று சமூகமே குலைகிறது. நல்ல கரு. ஆனால் பிரதிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இருட்டறையில் ஒருவன் கணினியில் ஒரு பொத்தானை அழுத்துகிறான். அடுத்த வரியில் நாடு முழுக்க இருள். அதன் பிறகு கடைசிப் பக்கம் வரை துரத்தல்.

படித்து முடித்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "உன் கதாநாயகி வீட்டுக்கு மூணாம் நாள் குடிக்கத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?" என்பதுதான். பதில் இருக்காது. இந்த வகை நாவலின் உயிர் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. கரண்ட் போன நொடிக்கும் திரும்பி வரும் நொடிக்கும் நடுவில் எது தாங்கியது, எது உடைந்தது, யார் சரிசெய்தார்கள் என்று எழுதத் தெரிந்துவிட்டால் சதிகாரனுக்குப் பத்துப் பக்கம் போதும். புதிதாக எழுத வருகிறவர்கள் எந்த வரிசையில் வேலையைத் தொடங்கலாம் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

1. ஊரையும் மாதத்தையும் மணியையும் முடிவு செய்யுங்கள்

இது முடிவாகாமல் முதல் வரியை எழுத வேண்டாம். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் மின்சாரம் நின்றபோது உறைபனிக் காலம். வீட்டுக்குள்ளேயே குளிரில் விறைத்துச் செத்தவர்கள் உண்டு. மாநில அரசின் கணக்கில் மொத்தம் 246 பேர். அடுத்து, 2025 ஏப்ரல் 28ஆம் தேதி பகல் 12:33க்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் மொத்தமாக இருண்டன. அது இதமான வசந்த காலத்து நண்பகல். மக்கள் தெருவில் இறங்கி டிரான்சிஸ்டர் ரேடியோவைச் சுற்றி நின்று செய்தி கேட்டார்கள். அதே சரிவு ஜனவரி இரவில் நடந்திருந்தால் அது வேறு கதை. உங்கள் ஊர் வேலூர் என்றால் மே மாத மத்தியானத்தை எடுப்பதா, நாகப்பட்டினம் என்றால் ஐப்பசி அடைமழையை எடுப்பதா என்பதிலேயே பாதி நாவல் முடிவாகிவிடும்.

அளவையும் இங்கேயே தீர்மானியுங்கள். நாடு முழுக்க இருட்டாக்கும் ஆசையை விட்டுவிடுங்கள் என்பேன். 2012 ஜூலை 30ஆம் தேதி நள்ளிரவு தாண்டி வட இந்திய மின்வலை சரிந்தது. மறுநாள் மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து சரிந்தன. 60 கோடிப் பேர் வாழும் பரப்பு அது. ரயில்கள் நடுவழியில் நின்றன; மேற்கு வங்கத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் பூமிக்கு அடியில் சிக்கிக்கொண்டார்கள். அன்றைக்குச் சென்னையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காரணம், தென்னிந்திய மின்வலை அப்போது மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணைக்கப்படவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் வழியாக அந்த இணைப்பு நடந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். கதையை 2012இல் வைத்துவிட்டு டெல்லியோடு சேர்த்து மதுரையையும் அணைத்தீர்கள் என்றால், விஷயம் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அந்த எல்லைக்கோடே ஒரு நல்ல கதைக்கரு என்பதையும் கவனியுங்கள்: வடக்கே இருள், தெற்கே வெளிச்சம், நடுவில் ஒரு ரயில்.

2. மின்வலை எப்படி மூச்சு விடுகிறது என்று கற்றுக்கொள்ளுங்கள்

பொறியியல் பட்டம் வேண்டாம். ஒரே ஒரு விஷயம் மனதில் பதிந்தால் போதும். மின்சாரத்தை யாரும் குடோனில் அடுக்கி வைத்து விநியோகிப்பதில்லை. இந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, அவ்வளவையும் இந்த நொடியில் எங்கோ உற்பத்தி செய்தாக வேண்டும்.

தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடித்த ஆயிரம் பேரும் ஒரே வேகத்தில் நடந்தால்தான் தேர் சீராகப் போகும். அனல் மின் நிலையம், அணு மின் நிலையம், நீர் மின் நிலையம் எல்லாம் ஒரே வடத்தைப் பிடித்திருக்கின்றன. அந்த நடையின் வேகம்தான் அலைவெண். நம் நாட்டில் நொடிக்கு 50. அது 49.90க்கும் 50.05க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது விதி. இழுப்பவர்களில் நூறு பேர் திடீரென்று கையை விட்டால் மிச்சப் பேர்மேல் பாரம் ஏறும், நடை தளரும். அப்போது பாரத்தைக் குறைக்க வேண்டும். அதற்காகவே சில ஃபீடர்களை, அதாவது ஊர்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் கிளைத் தடங்களை, தானாக வெட்டிவிடும் ரிலேக்கள் என்ற கருவிகள் உண்டு. அதுவும் போதாமல் வேகம் இன்னும் விழுந்தால், ஒவ்வொரு மின் நிலையமும் தன் டர்பைன் கெட்டுவிடாமல் இருக்க வடத்தை விட்டு விலகும். ஒன்று விலகினால் அடுத்ததற்குச் சுமை கூடும், அதுவும் விலகும். ஸ்பெயினில் ஐந்து நொடிக்குள் 15,000 மெகாவாட் காணாமல் போனது. டெக்சாஸில் நேர் எதிராக நடந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் லட்சக்கணக்கான வீடுகளைத் தாங்களே இருட்டாக்கி, முழுச் சரிவைத் தடுத்தார்கள். அவர்களுக்கு மிச்சம் இருந்த அவகாசம் 4 நிமிடம் 37 நொடி என்று பிறகு கணக்கிட்டார்கள். யார் வீட்டை அணைப்பது, யார் வீட்டை விடுவது என்று ஒருவர் அந்த 4 நிமிடத்துக்குள் முடிவெடுக்க வேண்டியிருந்ததை எழுதிப்பாருங்கள். எந்தத் துரத்தலிலும் அந்தப் படபடப்பு வராது.

உணர்வுக்கு ஒரு குறிப்பு தருகிறேன். பெரிய டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்த ரீங்காரம் தெரியும். வருடக்கணக்கில் கேட்டுப் பழகியவனுக்கு அது காதிலேயே விழாது. அது நிற்கும்போதுதான் விழும். முதன்முதலாக முழு நிலையமும் செத்துப்போன இரவில் எனக்கு விளக்கு அணைந்தது இரண்டாவதாகத்தான் உறைத்தது. முதலில் உறைத்தது நிசப்தம். வயல் தவளைச் சத்தம் கட்டுப்பாட்டு அறைக்குள் கேட்டது.

3. மணிக்கணக்கு அட்டவணை ஒன்று போடுங்கள்

நோட்டின் இரண்டு பக்கத்தை ஒதுக்கி, எது எத்தனை மணி நேரத்தில் நிற்கும் என்று எழுதுங்கள். இந்த அட்டவணைதான் உங்கள் நாவலின் முதுகெலும்பு. பொறுமை இங்கேதான் வேண்டும்.

முதல் நிமிடத்தில் லிஃப்ட், டிராஃபிக் சிக்னல், மின்சார ரயில் நிற்கும். முதல் இரண்டு மூன்று மணி நேரம் பலருக்கு இது வழக்கமான கரண்ட் கட் மாதிரியே தோன்றும். 2012 வாக்கில் தமிழ்நாட்டு மாவட்டங்களில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த தலைமுறை நாம், பதற மாட்டோம். அந்த அலட்சியத்தை எழுதுங்கள். வீட்டுக்காரர் இன்வெர்ட்டரில் ஃபேனையும் டிவியையும் போட்டு பேட்டரியைத் தீர்ப்பார். இரவு எட்டு மணிக்கு அவர் வருந்துவார்.

அடுத்து விழுவது போன். செல்போன் கோபுரத்தில் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு டீசல் ஜெனரேட்டர், அதற்குப் பிறகு டீசல் கொண்டுவரும் ஆள். கோபுரம் சாய்ந்ததும் ஜிபேயும் சாயும். கையில் நோட்டு இல்லாத நகரத்துக் குடும்பம் அண்ணாச்சி கடையில் கடன் சொல்லி நிற்கும் காட்சி அங்கே வரும். பத்து வருடமாக அந்தக் கடைக்குப் போனவர்களுக்குக் கடன் கிடைக்கும். எல்லாவற்றையும் ஆப்பில் வாங்கியவர்களுக்கு யார் கொடுப்பார்கள்?

தண்ணீரைத் தனியாகக் கணக்குப் போடுங்கள். ஒரு கிராமத்து மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் என்று வையுங்கள். ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்பது அரசுக் கணக்கு. ஐந்நூறு பேருக்கு அது ஒரு நாள் தண்ணீர். பங்கிட்டுக் கொடுத்தால் மூன்று நாள். தொட்டிக்குச் சாவி வைத்திருக்கும் டேங்க் ஆபரேட்டர் முதல் நாள் மாலையே வால்வை மூடினாரா, மூடவில்லையா? மூடியதற்காக அவரை ஊர் அடிக்க வந்ததா? சம்பளம் குறைந்த, யாரும் பெயர் கேட்காத அந்த மனிதர்தான் உங்கள் நாவலின் நாயகனாக இருக்கலாம். கைப்பம்பு இன்னும் வேலை செய்கிற தெருவும், அதைப் பிடுங்கிவிட்டு மோட்டார் போட்ட தெருவும் அருகருகே இருந்தால் மூன்றாம் நாள் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

சென்னை என்றால் கணக்கு வேறு. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். அதற்கு மின்சாரம் வேண்டும். வீராணம் ஏரித் தண்ணீர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. அதைத் தள்ள மின்சாரம் வேண்டும். கழிவுநீரையும் பம்பு வைத்துத்தான் வெளியேற்றுகிறார்கள். பம்பு நின்றால் தாழ்வான தெருவில் ஆள்நுழைவுக் குழி வழியாக அது மேலே வரும். குடிநீர் வராதது இரண்டாம் நாள் பிரச்சினை. கழிவுநீர் வருவது அதற்கு அடுத்த நாள் பிரச்சினை. நோய் வருவது அதற்கும் பிறகு. இந்த வரிசையைக் கலைக்காதீர்கள். வாசகர் முதுகில் பயம் ஏறுவது இந்தப் படிகள் வழியாகத்தான்.

ஆஸ்பத்திரி பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஐசியுவுக்குப் போகிறார்கள். நான் டயாலிசிஸ் வார்டுக்குப் போகச் சொல்வேன். வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், ஒவ்வொரு முறையும் 120 லிட்டர் போல சுத்திகரித்த தண்ணீர். கரண்டும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், நாளும் தப்பக் கூடாது. திங்கட்கிழமை முறை முடித்துவிட்டு வீட்டுக்குப் போன அம்மாவுக்குப் புதன்கிழமை நெருங்குகிறது என்பது, எந்த வெடிகுண்டுக் கடிகாரத்தையும்விடச் சத்தமாக ஓடும். இன்சுலின் வேறு மாதிரி. ஃபிரிட்ஜ் நின்றதும் அது கெட்டுவிடாது. அதிக வெயில் படாமல் வைத்தால் சில வாரம் தாங்கும். ஈர மணல் போட்ட இரண்டு மண்பானைக்குள் மருந்தை வைத்துக் காப்பாற்றும் பாட்டி ஒருத்தியை நீங்கள் எழுதலாம், அது உண்மையும்கூட. தெரியாமல் எழுதினால் நாலு மணி நேரத்தில் நோயாளியைக் கொன்றுவிடுவீர்கள்.

டீசலை மறக்காதீர்கள். ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் மணிக்குப் பத்து லிட்டர் குடிக்கிறது என்றால் 200 லிட்டர் பேரல் ஒரு நாள்கூட வராது. பெட்ரோல் பங்கில் தரைக்கடியில் டீசல் இருக்கும்; மேலே ஏற்ற பம்பு வேண்டும். பங்க் ஜெனரேட்டர் ஓடுகிற வரை ஓடும். பிறகு வரிசை, பிறகு போலீஸ், பிறகு யாருக்கு முன்னுரிமை என்ற சண்டை. பால் கறந்த விவசாயி குளிர்விப்பு நிலையம் ஓடாததால் கேனோடு நிற்பதும், அன்று மாலை ஊரே ஓசியில் பால் குடிப்பதும், மறுவாரம் அதே விவசாயி மாட்டுக்குத் தீவனம் வாங்க முடியாமல் நிற்பதும் இதே அட்டவணையில் வந்துவிடும்.

4. சதியை எவ்வளவு காட்டுவது

இங்கே நான் கண்டிப்பானவன். வாசகர் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் அப்படியே செய்துபார்க்கக் கூடிய எதுவும் உங்கள் பக்கங்களில் இருக்கக் கூடாது. எந்த இடம் பலவீனமானது, எதை எப்படிச் சேதப்படுத்துவது, எந்தக் கட்டளை எந்தக் கருவிக்கு என்பதெல்லாம் கதைக்குத் தேவையே இல்லை. கற்பனையான நிறுவனம், கற்பனையான நிலையம், நடுவில் ஒரு படியை விழுங்கிவிட்ட விவரிப்பு போதும். வேலிக்கு உள்ளே இருக்கிற பிள்ளைகளோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். நாசவேலை என்றால் முதலில் கருகுவது இரவு ஷிப்டில் இருக்கும் ஒரு ஆபரேட்டர்.

பாதிக்கப்பட்டவரின் கண் வழியாகச் சதியைக் காட்டினால் இரண்டும் கைகூடும். ரகசியமும் காக்கப்படும், நடுக்கமும் கூடும். 2015 டிசம்பர் 23 அன்று மேற்கு உக்ரைனில் நடந்ததைப் படியுங்கள். மின் விநியோக நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. அவர் மவுஸைத் தொடவில்லை. துணை மின் நிலையங்களின் பிரேக்கர்கள், அதாவது மின்தடத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகள், ஒவ்வொன்றாகத் திறந்து கரண்டை வெட்டின. அவர் தடுக்கப் பார்த்தபோது கணினி அவரை வெளியே தள்ளிவிட்டது. புகார் சொல்ல மக்கள் கூப்பிட்டால், போலி அழைப்புகளால் தொலைபேசி அடைபட்டிருந்தது. மூன்று நிறுவனங்களில் சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் இருளில் இருந்தார்கள். ஊழியர்கள் வேனில் ஏறி ஒவ்வொரு நிலையமாகப் போய்க் கையால் பிரேக்கரைப் போட்டு, சில மணி நேரத்தில் கரண்டை மீட்டார்கள். பழைய கைவேலை தெரிந்த ஆட்கள் இருந்ததால் முடிந்தது. எல்லாவற்றையும் தானியங்கியாக்கி ஆட்களைக் குறைத்துவிட்ட ஊரில் இதே நடந்தால் வேனில் ஏற யார் இருப்பார்கள்? அந்தக் கேள்வியில் ஒரு முழு நாவல் இருக்கிறது.

சதியா விபத்தா என்ற குழப்பத்தையும் பயன்படுத்துங்கள். ஸ்பெயின் இருண்டபோது முதலில் எல்லோர் வாயிலும் வந்தது சைபர் தாக்குதல் என்ற சொல். விசாரணையில் தெரிந்ததோ, மின்னழுத்தம் கட்டுக்கு மீறி ஏறியதால் தொடங்கிய சரிவு. 2003 ஆகஸ்டில் வட அமெரிக்காவில் 5 கோடிப் பேரை இருட்டாக்கியதன் தொடக்கம் ஓஹியோவில் மரக்கிளையில் உரசிய கம்பிகள். எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய மென்பொருள் உறைந்துபோய், ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டுப்பாட்டு அறைக்கே விஷயம் தெரியாமல் இருந்தது. 2025 பிப்ரவரியில் இலங்கைத் தீவு முழுவதும் இருண்டதற்குக் காரணம் பாணந்துறை துணை மின் நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கு என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். உங்கள் நாவலில் முதல் மூன்று நாள் யாருக்கும் காரணம் தெரியக் கூடாது. தெரியாத காரணத்துக்கு ஊர் ஒரு குற்றவாளியைத் தேடும். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பையன்மேல் சந்தேகம் விழும். அந்த அத்தியாயத்தை மனச்சாட்சியோடு எழுதுங்கள்.

5. மனிதர்களைக் கெடுக்க அவசரப்படாதீர்கள்

கரண்ட் போன இரண்டாம் நாளே கொள்ளை, மூன்றாம் நாள் கொலை என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. உண்மை அத்தனை எளிதல்ல. நியூயார்க் நகரத்தையே பாருங்கள். 1965 நவம்பரில் இருண்டபோது நகரம் அமைதியாக இருந்தது. 1977 ஜூலையில் இருண்டபோது கடைகள் சூறையாடப்பட்டன, தீ வைக்கப்பட்டது, 3,700க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். 2003இல் மறுபடி இருண்டபோது பெரும்பாலும் அமைதி. ஜனங்கள் பாலத்தின் மேல் கூட்டமாக நடந்து வீடு போனார்கள். மூன்று முறையும் ஒரே ஊர், ஒரே இருட்டு. 1977இல் மட்டும் நகராட்சி திவாலாகும் நிலை, வேலையில்லாத் திண்டாட்டம், கொடும் வெயில், ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த கோபம். ஆகவே சரிவுக்கு முந்தைய ஒரு வருடத்து ஊரை முதலில் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். குளத்துச் சண்டை, கோயில் முதல் மரியாதைச் சண்டை, வட்டிக்குக் கொடுத்தவன், வேலையை விட்டு நிறுத்தப்பட்டவன். இருட்டில் விரிவது ஏற்கெனவே இருந்த விரிசல்தான்.

தாங்கிக்கொண்ட கதைகள் தமிழிலேயே ஏராளம் உண்டு. 1990களில் யாழ்ப்பாணத்தில் போரும் பொருளாதாரத் தடையும் சேர்ந்து மின்சாரத்தை வருடக்கணக்கில் இல்லாமல் ஆக்கின. பேட்டரியும் வராது, மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சில துளி மண்ணெண்ணெய் விட்டு விளக்கு செய்தார்கள். பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். துளிப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தால் துணி துவைத்தார்கள். அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் இன்று டொரொன்டோவிலும் லண்டனிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடமாவது உட்கார்ந்து கேளுங்கள். கேட்கும்போது குறிப்பு நோட்டைச் சற்று நேரம் மூடி வையுங்கள்; அது அவர்களுக்குத் தகவல் இல்லை, இழப்பு.

கஜா புயலையும் படியுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. டெல்டா கிராமங்கள் பல நாட்கள், சில இடங்களில் வாரக்கணக்கில் இருளில் இருந்தன. வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து தொட்டியில் தண்ணீர் ஏற்றினார்கள். போன் சார்ஜ் போடக் காசு வாங்கியவர்களும் இருந்தார்கள், வீட்டுக்கு வீடு சோறு கொடுத்தவர்களும் இருந்தார்கள். கேரளத்திலிருந்து வந்த மின் ஊழியர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். லைன்மேன் ஒருவர் வேறு ஊர் வயலில் நின்று கம்பம் நடும்போது அவர் வீட்டுக் கூரை அவர் ஊரில் பறந்துபோயிருக்கும். அவரைப் பற்றி ஏன் யாரும் எழுதுவதில்லை என்று எனக்கு இன்றுவரை வருத்தம் உண்டு.

வதந்திக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்குங்கள். சுனாமி வந்து நான்கே நாள் கழித்து, 2004 டிசம்பர் 30 அன்று, மீண்டும் அலை வரலாம் என்று மத்திய அரசிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. கடலோரம் முழுக்கப் பிணங்களை விட்டுவிட்டு ஓடியது. அலை வரவில்லை. 2021 மே மாதம் அமெரிக்காவில் எரிபொருள் குழாய் நிறுவனம் ஒன்று கணினித் தாக்குதலுக்குப் பிறகு தானாகவே குழாயை நிறுத்தியது. பெட்ரோல் பங்குகள் வறண்டதற்குப் பாதிக் காரணம், பயந்துபோய் எல்லோரும் ஒரே நாளில் நிரப்பியது. போன் இல்லாத ஊரில் செய்தியைக் கொண்டுவருகிறவன் யார்? பால்காரரா, பஸ் டிரைவரா, போதகரா? அவனுக்கு இருக்கும் அதிகாரம் தாசில்தாருக்கு இருக்காது.

6. கரண்டைத் திரும்பக் கொண்டுவருவதை உச்சக்கட்டமாக வையுங்கள்

புதிய எழுத்தாளர்கள் எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். வில்லன் செத்ததும் விளக்கு எரிந்துவிடும். உண்மையில், செத்துப்போன மின்வலையை உயிர்ப்பிப்பது மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் இழுக்கும், கை நடுங்கும் வேலை. 

அனல் மின் நிலையத்தைத் தொடங்கவே மின்சாரம் வேண்டும். அதன் பம்புகளும் விசிறிகளும் அவ்வளவு பெரியவை. ஆகவே தானே எழுந்து நிற்கக் கூடிய நிலையத்திலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் அது மலைமேல் இருக்கும் நீர் மின் நிலையம். சின்ன டீசல் இயந்திரத்தை ஓட்டி, அந்தக் கரண்டில் மதகைத் திறந்து, டர்பைனைச் சுழற்றி, ஒரே ஒரு தடத்தில் மின்சாரத்தை ஏற்றி, சமவெளியில் காத்திருக்கும் பெரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இருளில் இப்படிச் சின்னச் சின்னத் தீவுகளாக உயிர் பெறும். பிறகு இரண்டு தீவுகளை இணைக்க வேண்டும். அதற்கென்று ஒரு முள் உண்டு, கடிகார முள் மாதிரி மெதுவாகச் சுழலும். அது சரியாகப் பன்னிரண்டு மணி நிலைக்கு வரும் நொடியில் பிரேக்கரைப் போட வேண்டும். தவறினால் அதிர்ச்சியில் இரண்டு தீவும் அணையும், மறுபடி முதலிலிருந்து. இதை மலைமேல் ஒருத்தியும் சமவெளியில் ஒருவனுமாக வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டு செய்கிறார்கள் என்று எழுதுங்கள்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. கரண்ட் போனபோது ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ், ஏசி, மோட்டார் எல்லாவற்றின் சுவிட்சும் போட்டபடியே இருக்கும். கரண்ட் வந்ததும் அத்தனையும் ஒரே நொடியில் இழுக்கும். பழைய சுமையைவிட அதிகமாக இழுக்கும். தீவு மறுபடி விழும். அதனால் ஊர் மக்கள் தாங்களே சுவிட்சுகளை அணைத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு பல்பு மட்டும் போட்டுக் காத்திருக்க வேண்டும். போன் இல்லை, டிவி இல்லை. தண்டோரா போட்டோ, கோயில் மணி அடித்தோ, பள்ளிவாசலில் வாயால் கூவியோ சொல்ல வேண்டும். பத்து நாள் ஒருவரை ஒருவர் நம்பாமல் இருந்த ஊர் அன்றைக்கு ஒருவர் சொல்லை ஒருவர் கேட்குமா? சமூகம் குலைந்ததா இல்லையா என்பதை அந்த ஒரு இரவில் நீங்கள் காட்டிவிடலாம்.

சேதம் ஆழமானது என்றால், பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்று நூறு டன்னைத் தாண்டும், செய்து வாங்க வருடம் ஆகலாம் என்பதை நினைவில் வையுங்கள். பழைய பாலம் தாங்காமல் சுற்றுவழியில் ஊர்ந்து வரும் டிரெய்லர் ஒரு முழு அத்தியாயத்துக்குப் போதும்.

7. யாரிடம் கேட்பது, என்ன படிப்பது

2012 சரிவு பற்றி அரசுக் குழு கொடுத்த அறிக்கையும் 2003 பற்றி அமெரிக்க–கனடா குழு கொடுத்த அறிக்கையும் பொதுவில் கிடைக்கின்றன. நிமிட வாரியாக எழுதப்பட்டவை. ஓய்வு பெற்ற லைன்மேன்கள், ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ஆபரேட்டர்கள், டயாலிசிஸ் நர்சுகள், குடிநீர் வாரிய பம்பு ஊழியர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். வேலையில் இருப்பவர்களிடம் பாதுகாப்பு விவரம் எதுவும் கேட்காதீர்கள். அவர்கள் வேலைக்கு ஆபத்து, கதைக்கும் பயன் இல்லை. துணை மின் நிலைய வேலிக்கு வெளியே நின்றுகூடப் போட்டோ எடுக்க வேண்டாம். உள்ளே போக வேண்டும் என்றால் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள்.

எழுதத் தொடங்கும் முன் கடைசியாக ஒரு பயிற்சி. வீட்டில் சொல்லி, எல்லோரும் சம்மதித்த பிறகு, ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை அணையுங்கள். வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ வயதானவரோ இருந்தால் வேண்டாம். இன்வெர்ட்டரையும் அணையுங்கள், மோட்டார் போடாதீர்கள், போனையும் நிறுத்தி வையுங்கள். பக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று மணிக்கு ஒருமுறை பென்சிலால் குறியுங்கள். எத்தனை முறை கை தானாகச் சுவிட்சுக்குப் போகிறது, இரவு பதினொரு மணிக்கு எந்தச் சத்தம் கேட்கிறது, யார் முதலில் எரிச்சலாகப் பேசினார்கள், பிறகு யார் பாட ஆரம்பித்தார்கள், எல்லாவற்றையும் குறியுங்கள். மறுநாள் மாலை ஆறு மணிக்கு மெயினைப் போடும் முன் ஃபிரிட்ஜ், ஏசி, மோட்டார் சுவிட்சுகளை அணைத்து வைத்துவிட்டு, ஒரு பல்பை மட்டும் விட்டுப் போடுங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாக.